உண்டியலில் விழுந்த எட்டு

செம்பியனின் வலது கை சும்மா இருந்து வினோதினி பார்த்ததே இல்லை. எதிரே ஒரு வண்டி வந்தால் போதும், கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். வண்டி கடந்து போவதற்குள் நம்பர் பிளேட்டில் இருக்கும் எண்களைக் கூட்டி, வந்ததை மறுபடியும் கூட்டி, ஒற்றை எண்ணாக்கிவிடுவார். பிறகு ஒன்று தலையை ஆட்டுவார், இல்லையென்றால் முகத்தைச் சுளிப்பார். சாப்பிடும் நேரத்தில் அந்த வேலையை இடது கை எடுத்துக்கொள்ளும். ஒருமுறை சாவு வீட்டு வாசலில் வந்து நின்ற சொர்க்க ரதத்தின் நம்பரையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருது. நல்லபடியாத்தான் போய்ச் சேருவாரு" என்று இறந்தவரின் மகனுக்கு ஆறுதல் சொன்னார். அந்த மகனும் நன்றியோடு தலையாட்டினான்.

செம்பியன் அவளுக்குத் தாய்மாமன். அம்மா ஞானாம்பாளின் ஒரே தம்பி. வீடு சிதம்பரத்தில், பிழைப்பு கடலூரில். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே டீக்கடை நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புது வண்டி வாங்கியவர்களுக்கு ராசியான நம்பர் பார்த்துச் சொல்வது அவர் தொழில். அதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. கூட்டினால் எட்டு வரக் கூடாது, அவ்வளவுதான். எட்டு சனியுடைய எண். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு விதி இருந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து முடிவு பண்ணாதே, முழு நம்பரையும் கூட்டு. கடைசி நாலு எண்ணை மட்டும் கூட்டிப் பார்த்து வண்டி எடுத்தவன் எவனாவது பஞ்சராகி நின்றால், "முன்னால இருக்கற முப்பத்தொண்ணக் கூட்டுனியா? ஒங்க தாத்தாவா வந்து கூட்டுவாரு?" என்று கேட்பார்.

தொழிலுக்கு எப்படியோ, வாழ்க்கைக்கும் அப்படித்தான். சிதம்பரம் பஸ் வந்து நிற்கும். நம்பர் எட்டு வந்தால் ஏற மாட்டார். அடுத்த பஸ்ஸும் எட்டாக வந்தால் அதிலும் ஏற மாட்டார். ராத்திரி சோறு ஆறிப்போன நாட்களில் எல்லாம் காரணம் இதுதான் என்று அத்தை சொல்லுவாள்.

வினோதினி பிறந்தது பதினேழாம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டு.

கடலூர் முதுநகரில் ஐஸ் பிளான்டில் லோடு ஏற்றும் தங்கராசுவின் மகளான அவள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தபோது, அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. அதனால் பட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று சொல்லித் தரவும் யாரும் இல்லை. போன இடமெல்லாம் கடைசிச் சுற்று வரை வந்து திரும்பினாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. செம்பியன் மட்டும் சொன்னார்.

"ஒன் மேல என்னா தப்பு இருக்குது பாப்பா? தேதி அப்புடி."

விண்டோஸ் எட்டு வந்த புதிது அது. சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வினோதினிக்கு அழைப்பு வந்தது. வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் சிக்கல்களைத் தீர்த்து வைக்கும் வேலை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசும் நேர்காணல். லேப்டாப் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க அழுதாள்.

செய்தி செம்பியனுக்குப் போனது. அவளுடைய மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வைக்க அப்போது அவரால் முடியவில்லை. அதை ஞானாம்பாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தம்பி வரும்போதெல்லாம் காலித் தாம்பாளத்தைத் துலக்கிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாம்பாளத்துக்கு விடிவு வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், நடுவில் ஒரு புத்தம்புது லேப்டாப் பெட்டி. செம்பியன் புது வேட்டியில் நின்றார். ஞானாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரத்தி எடுத்தாள். கடையின் கதவு எண், பில் எண், பெட்டியைத் தூக்கி வந்த ஆட்டோவின் எண் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் வாங்கினாராம்.

பெட்டியைத் திறந்தார்கள். விசைப்பலகைக்குக் கீழே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்.

"என்னாடி இது, எட்டுன்னு போட்டிருக்குது?"

"அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாமா. விண்டோஸ் எட்டு. அதுதான் உள்ள இருந்து எல்லாத்தையும் நடத்தும்."

"எல்லாத்தையும் நடத்துறவனே சனியா?" செம்பியன் வாழைப்பழத்தைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார். "எட்டுல பொறந்தவ கையில எட்டக் குடுத்திருக்கேனே! இத வெச்சிக்கிட்டா திங்கக்கிழம பேசப் போற?"

தங்கராசு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மச்சான், ஐஸ் போடறப்ப எட்டாவது பெட்டிய ஒதுக்கியா வெக்கிறோம்? அதுலயும்தான் மீனு வெரைச்சுக் கெடக்குது."

"அதான் மாமா ஒங்க மொதலாளி இன்னும் மோட்டார மாத்த முடியாம முழிக்கிறாரு."

தங்கராசு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். முதலாளி நிஜமாகவே முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

செம்பியன் மருமகளிடம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி வந்தது என்னா நம்பரு?"

"ஏழு."

"அத போட்டுக்கலாமா?"

"போடலாம் மாமா. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. பின்னாளில் இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தாள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. ஒரு எண்ணைப் பார்த்து பயப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இதுவரை தோற்றதற்கு எல்லாம் எட்டுதான் காரணம் என்றால், காரணம் அவள் இல்லை. அவளுடைய இங்கிலீஷ் இல்லை, நடுங்கும் குரல் இல்லை, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் வரும் தயக்கம் இல்லை. அந்த எண்ணத்தில் ஒரு சுகம் இருந்தது. சனிக்கிழமை காலையில் பேசாமல் மாமாவுடன் சிதம்பரம் பஸ் ஏறினாள். சனியனைச் சனிக்கிழமைதான் அனுப்ப வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார்.

மேலவீதியில் ஒரு மாடியில் ராபர்ட்டின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. செம்பியனுக்குப் பழைய சிநேகிதர். லேப்டாப்பைத் திறந்து அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதுண்ணே. எட்டுல ஓடுது."

ராபர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், ஆறு ஆறு ஆறு வேணாம்னு வந்தீன்னாகூட எனக்குப் புரியும். எங்க வேதத்துலயே ஆவாத நம்பர்னு இருக்குது."

செம்பியனின் கட்டை விரல் ஒரு ஓட்டம் ஓடியது. "பதினெட்டு. ஒம்போது. செவ்வாண்ணே! நல்ல நம்பர்தானே, அத ஏன் ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

ராபர்ட் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு வினோதினியைப் பார்த்தார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. இது எட்டுக்குன்னே செஞ்ச மெஷின். பழசப் போட்டா கேமராவும் வைஃபையும் அதுக்கு அடங்குமான்னு தெரியாது. கம்பெனிக்காரன் இந்த மாடலுக்கு ஏழுக்கான புரோகிராம் குடுக்கல."

"அதெல்லாம் அடங்கும்ணே," என்றார் செம்பியன். "ஏழு கேது. ஞானகாரகன். கம்ப்யூட்டருக்கு ஞானந்தானே வேணும்?"

வினோதினி தரையைப் பார்த்தாள். ராபர்ட் பெருமூச்சு விட்டார். அழிப்பதற்கு முன் லேப்டாப்போடு வந்த எட்டை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தார். "இது இந்த மெஷினோடவே பொறந்த எட்டு. நாளைக்குத் திருப்பிப் போடணும்னா இது இருந்தாத்தான் முடியும். என்கிட்ட இருக்கற டிஸ்க்கு வேற ரகம், இதுக்குச் சேராது. பத்தரமா வெச்சிக்கோ."

அவர் நீட்டிய பென்டிரைவை நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டது செம்பியனின் கை. "எட்டுக்காரி கையில எட்டக் குடுக்காதீங்கண்ணே. நான் வெச்சிக்கிறேன்." ஒரு வெற்றிலையில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

ஏழு ஏறி முடிந்தபோது மணி ஒன்றேகால். பழைய நீலத் திரை, இடது மூலையில் உருண்டையாக ஸ்டார்ட் பட்டன். செம்பியன் பெண் பார்க்க வந்தவர் போல அதைப் பார்த்தார். "பாரு, எவ்ளோ லட்சணமா இருக்குது."

"இருய்யா, கேமராவ ஒரு தடவ போட்டுப் பாத்துடறேன்," என்றார் ராபர்ட்.

"ஒன்றரைக்கு எமகண்டம். மூடுங்க, மூடுங்க!" என்று செம்பியனே மூடிப் பையில் போட்டார்.

திரும்பும்போது மருமகளைத் தனியாக அனுப்பாமல் கூடவே பஸ்ஸில் வந்தவர், பாதி வழியில் ரோட்டோரக் கோயில் ஒன்று வந்ததும் எழுந்துகொண்டார். "நீ போ பாப்பா. எனக்கு இங்க ஒரு சின்ன வேல இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை வினோதினி லேப்டாப்பைத் திறந்து ஒத்திகை பார்த்தாள். போனிலிருந்து நெட் இணைக்கப் பார்த்தாள். வைஃபை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போல ஏழு நின்றது. கேமரா இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளவில்லை. திரைக்கு மேல் அந்தச் சின்னக் கண்ணாடிப் பொட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகம்தான் எங்கும் தெரியவில்லை.

செம்பியனுக்குப் போன் போனது. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அவர் முதுநகர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வினோதினி ராபர்ட்டைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான் சொன்னேனே பாப்பா. அந்தப் பென்டிரைவ எடுத்துட்டு காலையில மொத பஸ்ஸுக்கு வா. பழையபடி எட்டப் போட்டுடலாம்."

எல்லோரும் செம்பியனைப் பார்த்தார்கள். செம்பியன் காலண்டரைப் பார்த்தார்.

"மாமா, பென்டிரைவ் எங்க?"

"அது... சாமிகிட்ட இருக்குது."

"எந்தச் சாமிகிட்ட?"

"சனீஸ்வரன்கிட்ட. உண்டியல்ல போட்டுட்டேன்." அவரே விளக்கினார். "சனி புடிச்சவங்க உடுத்துன துணியக் கொளத்துல வுட்டுட்டு வரல? அது மாதிரி, அவரு சாமான அவருகிட்டயே ஒப்படைச்சிட்டேன். வூட்ல வெச்சா திரும்பி வந்துடும்."

போனில் ராபர்ட் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, இருமி, பிறகு கேட்டார். "யோவ் செம்பியா, வண்டிக்கு முழு நம்பரையும் கூட்டணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே, இதுக்குக் கூட்டுனியா?"

"அதான் எட்டுன்னு பெருசா போட்டிருக்குதேண்ணே."

"அது பேருய்யா. உள்ள முழு நம்பர் ஒண்ணு இருக்குது. சொல்றேன், கூட்டு. ஆறு, ரெண்டு, ஒம்போது, ரெண்டு, சுழி, சுழி."

கட்டை விரல் கிளம்பியது. சுண்டு விரலில் ஏறி, மோதிர விரலில் இறங்கி, ஓரிடத்தில் நின்றது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து வந்தது. அதே இடத்தில் நின்றது.

"பத்தொம்போது," என்றார் செம்பியன். குரல் இறங்கியிருந்தது. "பத்து. ஒண்ணு."

"ஒண்ணு யாரு?"

"சூரியன்." செம்பியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ராஜாண்ணே அவரு. எம் மருமவளுக்கு வந்த சூரியனத் தூக்கிச் சனி உண்டியல்ல போட்டுட்டனே!"

வினோதினிக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அவளுடைய கட்டை விரலும் அந்த எண்களைக் கூட்டிச் சரிபார்த்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் அந்தக் கோயில் வாசலில் நின்றார்கள். கோயில் ஆபீஸ் திறக்கும்போது ஒன்பதரை. கணக்குப் பார்க்கும் ராமாமிர்தம் நிதானமாக விபூதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உண்டியல்ல என்னம்மா வுழுந்துச்சி?"

"பென்டிரைவ் சார்."

"தவறி வுழுந்துச்சா, வேண்டிக்கிட்டுப் போட்டீங்களா?"

தவறி விழுந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வினோதினி மாமாவைப் பார்த்தாள். செம்பியன் பின்னால் இருந்த சன்னதியைப் பார்த்தார். "வேண்டிக்கிட்டுத்தான்."

"அப்ப சாமிக்குத்தான். அதுல என்னா இருக்குது?"

"எட்டு சார்," என்றாள் வினோதினி.

"சனீஸ்வரனுக்கு எட்டப் போட்டுட்டு, திருப்பிக் கேக்க வந்திருக்கீங்களா? எத்தினியோ பேரு வந்து போட்டிருக்காங்க, ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லம்மா."

செம்பியன் முன்னால் வந்தார். "சார், அது எட்டு இல்ல சார். கூட்டிப் பாத்தா ஒண்ணு. சூரியன். தெரியாம இவரு உண்டியல்ல போட்டுட்டேன். அப்பாவும் புள்ளையும் ஆவாதவங்க சார், ஒரே உண்டியல்ல எப்புடி இருப்பாங்க?"

ராமாமிர்தம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார். "அது அவுங்க குடும்ப விவகாரம். நாம தலையிடக் கூடாது. எண்ணிக்கைக்கு உண்டியல் தொறக்கறப்ப வாங்க, பாப்போம்."

ரோட்டுக்கு வந்தபோது பத்து மணி நெருங்கிவிட்டது. ராபர்ட்டிடமிருந்து போன். ரிப்பேருக்கு வந்த லேப்டாப் ஒன்று சரியாகிக் கிடக்கிறதாம். உரிமையாளரிடம் கேட்டுவிட்டாராம். பதினொன்றுக்குள் கடைக்கு வந்தால் அதிலேயே பேசிவிடலாம். "ஆனா பாப்பா, அதுவும் எட்டுதான். ஒங்க மாமன்கிட்ட இப்ப சொல்லாத."

தூரத்தில் சிதம்பரம் பஸ் தெரிந்தது. செம்பியனின் கட்டை விரல் தானாகவே கிளம்பிக் கடைசிக் கணுவுக்கு வந்து நின்றது. முகம் வெளுத்தது.

"பாப்பா, இத வுட்டுடலாம். அடுத்தது பின்னாடியே..."

அவள் கெஞ்சவில்லை, திட்டவில்லை. பஸ்ஸைப் பார்த்தபடியே நின்றாள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியும். கூட்டி நிறுத்திய விரலைப் பிரித்து, கையை உதறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்பியன்தான் முதலில் ஏறினார். உட்கார இடம் இல்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததால் கட்டை விரலுக்கு வழி முழுக்க வேலை இல்லை.

நேர்காணல் சரியாக எமகண்டத்தின் நடுவில் தொடங்கியது. செம்பியன் அதைச் சொல்லவில்லை. கேமராவில் விழாமல் மேசைக்கு அடியில் குந்தியிருந்தார். அங்கிருந்து ஸ்டிக்கர் தெரியாது என்பதை ராபர்ட் முன்பே பார்த்து வைத்திருந்தார். திரையில் வந்த அம்மாள் நல்லபடியாகவே கேட்டார். வினோதினி மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷில் பாதி தூரம் போய்த் தடுக்கினாள். அப்போது அந்தக் கேள்வி வந்தது. வாடிக்கையாளர் ஒருவர், புது லேப்டாப்பில் இருப்பதை எடுத்துவிட்டுப் பழைய விண்டோஸ் போட வேண்டும் என்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

"ஏன் வேணும்னு கேப்பேன் மேடம்," என்று அவள் வாயிலிருந்து தமிழ் வந்தது. "சிரிக்காம கேப்பேன். அவருக்கு ஒரு காரணம் இருக்கும். அப்பறம் கேமரா, வைஃபை எல்லாத்துக்கும் பழசுல புரோகிராம் இருக்கான்னு பாத்துட்டுதான் தொடுவேன். இருக்கறத ஒரு காப்பி எடுப்பேன். அந்தக் காப்பிய மட்டும் அவரு கையில குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"உண்டியல்ல போட்டுடுவாரு மேடம்."

மேசைக்கு அடியில் யாரோ இருமினார்கள். திரையில் இருந்த அம்மாள், அது என்ன கதை என்று கேட்டார். வினோதினி சொன்னாள். அப்பா ஐஸ் பிளான்டில் வேலை செய்வது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பது முடிந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

வேலை கிடைத்தது. காரணம் என்ன என்பதில் இன்றுவரை அந்தக் குடும்பத்தில் ஒத்த கருத்து இல்லை. வினோதினிக்குத் தன் பதில்தான் காரணமோ என்று தோன்றும். சில நாட்களில் அதுவும் சந்தேகமாக இருக்கும். செம்பியனுக்குச் சந்தேகமே கிடையாது. "ஒன் எட்ட சாமி வாங்கிக்கிட்டாரு, அதான்" என்பார். அது ஒன்று என்றீர்களே மாமா என்று கேட்டால், "ஒண்ணுன்னா இன்னும் ஜாஸ்தி நல்லது" என்பார்.

ஞானாம்பாள் மட்டும் மசியவில்லை. "சீருன்னு குடுத்தான், மறுநாளே அதுல பாதிய எடுத்து உண்டியல்ல போட்டான். பாதிச் சீரு சீராவுமா?" காலித் தாம்பாளம் மறுபடியும் துலங்கத் தொடங்கியது.

உண்டியல் எண்ணியபோது செம்பியன் போனார். பென்டிரைவ் இருந்தது. வேண்டிப் போட்டதைத் திருப்பித் தர வழியில்லை என்று சொல்லிவிட்டார் ராமாமிர்தம். அடுத்த முறை போனபோது, அதில் திருவிழா நோட்டீஸ் ஏறியிருந்தது. இடம் போதவில்லை என்று பிரஸ்ஸில் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டார்களாம். செம்பியன் அந்த நோட்டீஸில் ஒன்றை வாங்கி வந்து, பயபக்தியோடு அக்கா வீட்டுச் சாமி மாடத்தில் வைத்தார். ஞானாம்பாள் அதைச் சீரில் சேர்க்க மறுத்துவிட்டாள்.

வினோதினி இப்போது சென்னையில் இருக்கிறாள். எட்டுக்குப் பிறகு என்னென்னவோ வந்து போய்விட்டன. முதுநகர் வீட்டு அலமாரியில் அந்த லேப்டாப் இன்னும் ஏழோடு இருக்கிறது. அதன் கேமரா அதற்குப் பிறகு யாரையும் பார்த்ததில்லை. அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் செம்பியன் பார்க்க வருவார். முதலில் அவளுடைய கம்பெனி அடையாள அட்டையை வாங்கி முழு நம்பரையும் கூட்டுவார். அவள் கை நீட்டுவாள்.

"மாமா, என் எட்டு?"

"வந்துடும் பாப்பா. ராமாமிர்தத்துகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஒன் கல்யாணச் சீரோட சேத்து வெச்சிடறேன்."

கல்யாணமும் போன தை மாதம் முடிந்தது. பட்டுப் புடவை வந்தது, மாலை வந்தது, தாம்பாளம் நிறைய பழம் வந்தது. ஞானாம்பாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எட்டு வரவில்லை.